வீடும் வளவும்: கறையானில் இரண்டு வகை



சென்ற இதழில் தண்ணீர்க் குழாய் ஒழுக்கைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சிலர் தொலைபேசியில் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். "குழாய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். கறையான் தெரியாதே! அதைப்பற்றி ஏன் ஒருமுறையும் எழுதவில்லை?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். எழுதாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கறையான் விடயத்தில் நாங்களே ஒரு பெரிய பிழை செய்தவர்கள். அதைப் பத்துப் பேருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் அதே பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காக இம்முறை வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் 2015இல் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். செங்கல் வீடு. மாமா, அதாவது இவரது தகப்பனார், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு வெளியே, சுவரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு மண்கோடு போயிருப்பதை மாமா கண்டார். பென்சில் அளவு தடிப்பு, ஒரு முழம் நீளம்.

"மாமா, ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுவமோ?" என்று கேட்டோம்.

"உதென்ன பெரிய காரியமே, பிள்ளை! நாங்கள் ஊரிலை பாக்காத கறையானே?" என்று சொல்லிவிட்டு, தும்புத்தடியை எடுத்து ஒரே இழுவையில் மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு அந்த இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார். கடையில் வாங்கிய பூச்சி மருந்தையும் ஒரு ரின் முடியும்வரை அடித்தோம். அடுத்த நாள் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் ஒன்றும் இல்லை. மாமா கெட்டிக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தோம்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் சின்ன மகள் சாப்பாட்டறைக் கதவுநிலையில் சாய்ந்து நின்றபடி, "அம்மா, இந்த மரம் மெத்தைபோல இருக்கு" என்றாள். விரலால் அமத்திப் பார்த்தோம். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே இருந்தது பெயின்ற் மட்டும். உள்ளே மரம் இல்லை.

செங்கல் வீட்டில் கறையானுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைத்தான் நாங்களும் முதலில் கேட்டோம். ஊரில் நாம் கட்டும் வீட்டில் கல்லும் சீமெந்தும்தான் கூரையைத் தாங்கும். கறையான் கதவையோ சிலாகையையோ அரித்தாலும் சுவர் நிற்கும். இங்கே அப்படியல்ல. அவுஸ்திரேலியாவில் செங்கல் வீடு என்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வெளியே மட்டும் ஒரு வரிசைச் செங்கல் கொண்டவை. அந்தச் செங்கல் ஒரு மேற்சட்டை போன்றது. உள்ளே இருக்கும் மரச்சட்டகம்தான் கூரையைத் தாங்குகிறது. செங்கலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருட்டான ஓர் இடைவெளி. கறையானுக்கு வேண்டியவை இருட்டு, ஈரம், மரம். மூன்றும் அங்கே இருக்கின்றன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான வீட்டுக் காப்புறுதி கறையான் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. தீ பிடித்தால் தருவார்கள், புயல் அடித்தால் தருவார்கள், கறையான் தின்றால் முழுச் செலவும் எங்களுடையது. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அகதியாக வந்து, இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, வங்கியில் கடன்பட்டு வாங்கும் வீடு இது. அதனால் இந்த விடயம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சின்ன விடயமல்ல.

ஊர்க் கறையானும் இங்கத்தைய கறையானும்

மாமா செய்தது ஊர்ப் பழக்கம். இங்கே அது பிழை. ஏன் என்று விளக்கவேண்டும்.

ஊரில் வளவுக்குள் நாம் காணும் புற்றுக் கறையான் பெரும்பாலும் காளான் வளர்க்கும் இனம். மரப்பட்டையையும் சருகையும் தின்று, புற்றுக்குள்ளே அதை எருவாக்கி, அதில் காளான் வளர்த்து உண்ணும். மழைக்குப் பிறகு புற்றில் காளான் பூத்துக் கிடப்பதை நம்மில் பலர் சிறு வயதில் பிடுங்கிக் கறி வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். அந்தக் காளான் இந்தக் கறையானின் தோட்டத்துப் பயிர். ஊர்க் கறையான் மரத்தின்மேல் மண்ணைப் பூசிக்கொண்டு அதற்கடியில் மேலோட்டமாகத் தின்னும். 

அவுஸ்திரேலியாவில் காளான் வளர்க்கும் கறையான் இனமே கிடையாது. இங்கே 300க்கு மேற்பட்ட கறையான் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் வீட்டைத் தாக்குபவை சிலதான். ஆனால் அந்தச் சில இனங்கள் நிலத்துக்கடியால் வந்து, மரத்தின் உட்பகுதியைத் தின்று, மேல்தோலை அப்படியே விட்டுவிடும். வளவில் புற்று இல்லாததால் கறையானும் இல்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். சிட்னிப் பக்கத்தில் இவை பொதுவாக வெளியே தெரியும்படி புற்றுக் கட்டுவதில்லை. கூடு மரத்துக்குள்ளோ கொங்கிறீற்றுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும்.

சிட்னி, பிறிஸ்பேன் போன்ற இடங்களில் வீடுகளை அதிகம் தாக்கும் நிலக்கறையான்களில் இரண்டை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று கொப்டோடெர்மிஸ் அசினாசிஃபோர்மிஸ். மற்றது செடோரைனோடெர்மிஸ் இன்டர்மீடியஸ். இந்தப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் கறையான் பாதி வீட்டைத் தின்றுவிடும். ஆகவே எங்கள் வீட்டில் வைத்த பெயர்களைத் தருகிறோம். முதலாவது 'பால்காரன்'. இரண்டாவது 'அண்ணன் தம்பி'. ஏன் இந்தப் பெயர்கள் என்பதை இனிச் சொல்கிறோம்.

சிப்பாயைப் பார்த்தால் இனம் தெரியும்

கறையான் கூட்டத்தில் வேலையாட்கள், சிப்பாய்கள், அரசன், அரசி, பருவத்தில் பறக்கும் ஈசல் என்று பிரிவுகள் உண்டு. மரத்தைத் தின்பவர்கள் வேலையாட்கள். அவர்கள் வெள்ளையாக, மெதுவான உடம்போடு, எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருப்பார்கள். அவர்களைப் பார்த்து இனம் பிரிப்பது கடினம். சிப்பாயின் தலைதான் அடையாள அட்டை.

பால்காரனின் சிப்பாய்கள் எல்லாம் ஒரே அளவு. ஏறக்குறைய 5 முதல் 6.5 மில்லிமீற்றர். மஞ்சள் நிறத் தலை, பேரிக்காய்போல முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். தாடைகள் வளைந்த கத்திபோல, பல் இல்லாமல் இருக்கும். அசினாசிஃபோர்மிஸ் என்ற சொல்லுக்கே வளைந்த வாள் வடிவம் என்றுதான் பொருள். இந்தப் பெயரை 1898இல் வைத்தவர் ஃப்ரொகற் என்ற பூச்சியியலாளர். இதற்குத் தலையின் முன்பக்கத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. சீண்டினால் அதிலிருந்து பால்போல வெள்ளையாக, ஒட்டும் தன்மையுள்ள ஒரு துளி வெளிவரும். எறும்பு வந்தால் அந்தப் பசையால் அதை மடக்கும். பால்காரன் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அண்ணன் தம்பியில் சிப்பாய்கள் இரண்டு அளவு. பெரியவன் 5 முதல் 7.5 மில்லிமீற்றர்வரை, உருண்டு வீங்கிய தலையோடு இருப்பான். சின்னவன் 3 முதல் 5 மில்லிமீற்றர், ஒடுங்கிய தலை, ஓட்டமும் அதிகம். தாடையில் பல் உண்டு. பால் துளி வருவதில்லை. ஒரே இடத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகைச் சிப்பாயைக் கண்டால் அது அண்ணன் தம்பிதான் என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். இளம் கூட்டத்தில் சின்னவர்கள் மட்டுமே இருப்பார்கள், கூட்டம் முதிர்ந்த பிறகுதான் பெரியவர்கள் தோன்றுவார்கள். ஆகவே கடைசித் தீர்ப்பை அனுபவமுள்ள பரிசோதகரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கூடு எங்கே? குணம் என்ன?

பால்காரனுக்குப் பிடித்த இடம் உயிரோடு நிற்கும் யூக்கலிப்ரஸ் மரத்தின் உள்நெஞ்சு. வெளியே இலையும் பட்டையும் பச்சையாக இருக்கும். அடிமரத்துக்குள்ளே குழாய்போலக் குடைந்து கூடு வைத்திருக்கும். நிரப்பிக் கட்டிய விறாந்தைக்குக் கீழேயும், தடுப்புச் சுவருக்குப் பின்னாலும், கொங்கிறீற்றுக்கு அடியிலும்கூடக் கூடு வைக்கும். ஒரு கூட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கலாம். கூட்டிலிருந்து 50 மீற்றருக்கும் அப்பால் நிலத்துக்கடியால் வழி அமைத்து இரை தேடும். 50 மீற்றர் என்றால் பக்கத்து வீட்டையும் தாண்டி அதற்கடுத்த வீட்டு மரமாகவும் இருக்கலாம். மரத்தின் மெதுவான பகுதியைத் தின்று, கடினமான பகுதியைப் புத்தகத்தின் தாள்போல அடுக்கடுக்காக விட்டுவைக்கும். அவுஸ்திரேலியப் பெருநிலப்பரப்பில் கட்டிடங்களுக்கு மிக அதிகமான சேதத்தைச் செய்யும் இனம் இதுதான்.

அண்ணன் தம்பி பெரும்பாலும் வெட்டிய மரத்தின் அடிக்குற்றி, வேர்ப்பகுதி, மண்ணுக்குள் புதைந்த பலகை, வீட்டோடு ஒட்டி மண் நிரப்பிக் கட்டிய விறாந்தை ஆகியவற்றில் கூடு வைக்கும். கூட்டம் பொதுவாகப் பால்காரனுடையதைவிடச் சிறிது. கடின மரத்தில் ஆணி அடித்த இடங்களைச் சுற்றித் தின்னும் பழக்கம் இதற்கு உண்டு.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் குணத்தில்தான் இருக்கிறது. பால்காரனைச் சிறிது தொந்தரவு செய்தால், சிப்பாய்கள் வந்து வாசலில் நிற்பார்கள், வேலையாட்கள் உடைந்த இடத்தை மண்ணால் அடைப்பார்கள், பெரும்பாலும் வேலை தொடரும். அண்ணன் தம்பி மிகவும் பயந்த சுபாவம். கொஞ்சம் கலைத்தாலே முழுப் பேரும் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார்கள். கறையான் அழிந்துவிட்டது என்று நாம் சந்தோசப்படுவோம். அவர்கள் கூட்டுக்குத் திரும்பி, வேறு வழியால், நாம் பார்க்காத இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது எது என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். 2019இல் வந்த பரிசோதகர் கதவுநிலையிலிருந்து எடுத்த சிப்பாய்களை வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டினார். இரண்டு அளவு. முன்னைய உரிமையாளர் பின்பக்க விறாந்தையைக் கட்டும்போது ஒரு மரத்தின் அடிக்குற்றியை எடுக்காமல் அதற்குமேல் மண்ணை நிரப்பிக் கொங்கிறீற் போட்டிருக்கிறார். கூடு அங்கே. மாமா தும்புத்தடியால் தட்டியபோது அவை அந்த வழியைக் கைவிட்டு, விறாந்தைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த வெடிப்பால் உள்ளே போயிருக்கின்றன. அந்த மனிதர் எங்களைக் குறை சொல்லவில்லை. "அன்றைக்கே தொடாமல் என்னைக் கூப்பிட்டிருந்தால் அந்த மண்கோட்டிலேயே வேலையை முடித்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

தொடாதே என்று ஏன் சொல்கிறார்கள்?

கறையானை அழிக்கும் முறை இன்று பெரும்பாலும் கறையானின் பழக்கத்தையே பயன்படுத்துகிறது. கறையான்கள் ஒன்றுக்கொன்று வாயால் உணவு ஊட்டுபவை, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்பவை. அவை உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில் சிறிதளவு மருந்துத் தூளை வைத்தால், அல்லது மருந்து கலந்த இரையை வைத்தால், வேலையாட்களே அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். சில இரை மருந்துகள் கறையான் தோல் கழற்றி வளர்வதைத் தடுப்பவை. சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் முழுக் கூட்டமும் அழிந்துபோகும்.

இதற்குக் கறையான் அந்த இடத்தில் இருக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் சில நூறு சாகும். மற்றவை மணத்துக்கு ஓடிவிடும். பல லட்சத்தில் சில நூறு போனால் அரசிக்கு ஒரு நட்டமும் இல்லை. பரிசோதகருக்கோ மருந்து வைக்க இடம் இல்லாமல் போய்விடும்.

இரண்டு தெரு தள்ளி நடந்தது

எங்கள் கதையைக் கேட்டிருந்த ஒரு அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறா. 2021இல் ஒருநாள் காலையில் ரெலிபோன் எடுத்தா. "தங்கச்சி, கராஜ் சுவரிலை மண் மாதிரி ஒண்டு கிடக்கு. இவர் தட்டப் போறார், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ன செய்ய?" என்றா. "அக்கா, கையை விடாதேங்கோ. அண்ணையை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொன்னோம்.

வந்த பரிசோதகர் மண்குழாயில் ஒரு சிறிய துளை மட்டும் போட்டுப் பார்த்தார். சிப்பாய்கள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, தலையில் வெள்ளைத் துளி. பால்காரன். பின்வேலிக்கு அருகில் நின்ற பெரிய யூக்கலிப்ரஸ் மரத்தில் துளை போட்டுப் பார்த்தார். உள்ளே வெறுமையாகவும் சூடாகவும் இருந்தது. கூடு இருக்கும் மரத்தின் உள்வெப்பம் வெளியைவிட உயர்ந்திருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். மரத்துக்குள்ளேயே மருந்து செலுத்தினார்கள். கராஜில் ஒரு இரைப்பெட்டியும் வைத்தார்கள். வீட்டுச் சட்டகத்தில் இரண்டு மரத்தை மட்டும் மாற்றவேண்டி வந்தது. எங்களுக்கோ சாப்பாட்டறையின் ஒரு பக்கச் சுவரை முழுதாகப் பிரித்துக் கட்டவேண்டி வந்தது.

வேறு இனம், வேறு கூடு, வேறு வைத்தியம். இனத்தைத் தெரிந்துகொண்டால் கூட்டை மரத்தில் தேடுவதா, விறாந்தைக்கு அடியில் தேடுவதா என்று தெரியும். இனம் தெரியவேண்டுமானால் முதலில் கறையான் கலையாமல் இருக்கவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை

மண்கோட்டைக் கண்டால் தட்டவேண்டாம், மருந்து அடிக்கவேண்டாம். தற்செயலாக உடைத்துவிட்டால் அந்த இடத்தை ஒட்டும் ரேப்பால் மூடிவிட்டு, புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு, பரிசோதகரைக் கூப்பிடுங்கள். நியூசவுத்வேல்சில் இந்த வேலையைச் செய்பவரிடம் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அதைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். வீடு வாங்கப்போகிறவர்கள் ஒப்பந்தம் இறுதியாவதற்கு முன்னரே கட்டிடப் பரிசோதனையோடு கறையான் பரிசோதனையையும் செய்விக்கவேண்டும். ஏ.எஸ். 4349.3 என்ற அவுஸ்திரேலியத் தரத்தின்படி செய்த அறிக்கையா என்று கேளுங்கள். மின்சார மீற்றர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கறையான் பாதுகாப்பு எப்போது, எந்த முறையில் செய்யப்பட்டது என்ற அறிவித்தல் அங்கே ஒட்டியிருக்கும். 1995இல் அவுஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் குளோர்டேன், டீல்ட்ரின் போன்ற நீண்டகாலம் மண்ணில் நிற்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். அவை உணவிலும் உடலிலும் சேர்ந்து தங்கியதே காரணம். இப்போதைய மருந்துகள் அவ்வளவு காலம் நிற்பதில்லை. "முந்தின ஆள் மருந்து அடிச்சவராம்" என்ற கதையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டைச் சுற்றி உருக்குவலை, மருந்து என்று என்ன தடுப்பு இருந்தாலும், அதன் முக்கியமான வேலை கறையானை வெளியே வரச் செய்வதுதான். நேரே உள்ளே போகமுடியாமல், சுவரின் வெளிப்பக்கத்தால் மண்கோடு கட்டிக்கொண்டு ஏறும். அப்போது நாம் அதைக் காணலாம். காண்பதற்குக் கொங்கிறீற் அடித்தளத்தின் விளிம்பு திறந்து இருக்கவேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு பிழை விடுகிறோம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் சுவரோரம்தான் வெயில் என்று, மண்ணை அங்கேயே உயர்த்திப் பாத்தி கட்டுகிறோம். நாளும் தண்ணீர் ஊற்றுகிறோம். செங்கலின் அடிவரிசையில் காற்றுக்கு விட்டிருக்கும் சின்னத் துவாரங்களும் மூடிப்போகின்றன. கறையானுக்கு ஈரமும் கொடுத்து, மறைவும் கொடுத்து, வாசலும் கொடுத்த மாதிரி. பாத்தியைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். மரச்சீவலையும் விறகையும் சுவரோடு சேர்த்து அடுக்கவேண்டாம். குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுவரடியில் விழவிடாதீர்கள். வெட்டிய மரத்தின் அடிக்குற்றியை மண்ணுக்குள் விட்டுவைக்காதீர்கள். வேலிக்கோ பாத்திக்கோ மண்ணில் மரம் நடுவதானால் எச்4 என்று முத்திரை குத்திய மரத்தை வாங்குங்கள்.

கராஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்த அல்பம், கலியாணப் படம், படிப்புச் சான்றிதழ், அப்பாவின் கடிதங்கள் எல்லாவற்றையும் கடதாசிப் பெட்டியில் போட்டு கராஜ் நிலத்தில் வைத்திருப்பவர்கள் பலர். கறையானுக்குக் கடதாசியும் மரமும் ஒன்றுதான். சுவரை மாற்றிக் கட்டலாம், அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுத ஆள் இல்லை. பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, நிலத்திலிருந்து உயரமான இரும்புத் தட்டில் வையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "எங்கடை வீடே?" என்று பேசாமல் இருக்கவேண்டாம். கண்டதைப் படம் எடுத்து, முகவருக்கு அன்றே எழுத்தில் அறிவியுங்கள். பிறகு அதை நீங்கள் மறைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கோடை தொடங்கும் காலத்தில், புழுக்கமான மாலையில் வெளிச்சத்துக்கு ஈசல் வரும். எறும்புக்கும் சிறகு முளைக்கும், பயப்படவேண்டாம். நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் கறையான். முன்சிறகு நீளம், பின்சிறகு கட்டை, இடுப்பு ஒடுங்கியிருந்தால் எறும்பு. சாளரத்துக்கு வெளியே வந்தால் அக்கம்பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது. வீட்டுக்குள்ளே சுவர் வெடிப்பிலிருந்தே புறப்பட்டு வந்தால், அடுத்த நாளே பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

முடிவாக

கறையானை நாங்கள் முழுக்கப் பழிக்கவும் இல்லை. அது குடையும் மரப்பொந்துகளில்தான் இந்த நாட்டுக் கிளிகளும் பொசம்களும் குடியிருக்கின்றன. வடபகுதி ஆதிவாசிகள் ஊதும் டிஜெரிடூ என்ற நீண்ட குழலும் கறையான் குடைந்த யூக்கலிப்ரஸ் கிளையிலிருந்துதான் செய்யப்படுகிறது. காட்டில் அதற்கு வேலை இருக்கிறது. எங்கள் சாப்பாட்டறையில்தான் வேலை இல்லை.

மாமாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சுவரடி, விறாந்தை ஓரம், குழாயடி, வேலி என்று ஒன்றையும் விடமாட்டார். பேரப்பிள்ளைகள் பின்னால் போவார்கள். தும்புத்தடியை மட்டும் கராஜ் மூலையிலேயே விட்டுவிட்டுப் போவார். போன மாதம் சின்னவள் வேலியில் ஒரு மண்கோட்டைக் கண்டு கையை நீட்டினாள். "தொடாதை, பிள்ளை! முதல் அது ஆரெண்டு பாப்பம்" என்றார் மாமா. நல்லகாலம், அது குளவி கட்டிய மண்.

உங்கள் வீட்டையும் இந்த ஞாயிறு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடுத்த இதழில் மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர்ப் பீலிகளைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுவோம். அதுவரை வணக்கம்.